சண்டை மீன் நோய்கள்

சண்டை மீன் நோய்கள் என்பவை வீடுகளில் அழகுக்காக வளர்க்கப்படும் சயாமியச் சண்டை மீனைத் தாக்கும் நோய்களும் உடற்கோளாறுகளும் ஆகும். ஒட்டுண்ணிகள், பாக்டீரியாக்கள், பூஞ்சையை ஒத்த உயிரிகள் ஆகியவை இந்நோய்களை உண்டாக்குகின்றன. எனினும் பெரும்பாலான நோய்களுக்கு நீரின் தூய்மைக் கேடும் வெப்பநிலை மாற்றமுமே அடிப்படைக் காரணங்களாக அமைகின்றன. இக்கட்டுரை இந்நோய்களின் அறிகுறிகள், மருத்துவம், தடுப்பு ஆகியவற்றையும், தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், அதனை அடுத்த ஏலமலைச் சரிவுகள் ஆகிய இடங்களில் இம்மீனை வளர்ப்பதில் கருத வேண்டியவற்றையும் விளக்குகிறது.

மீனின் இயல்பு

சண்டை மீனின் அறிவியற் பெயர் பெட்டா இசுப்ளென்டென்சு. இதனை 1910 ஆம் ஆண்டில் சார்லசு டேட் ரீகன் என்னும் மீனியலாளர் விவரித்துப் பெயரிட்டார். தாய்லாந்தின் சமவெளிகளில் உள்ள வயல்களும் சதுப்பு நிலங்களும் இதன் தாயகம் ஆகும். 2019 ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தனது தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தமிழகக் கடைகளில் இது ஃபைட்டர் மீன் என்னும் பெயரில் விற்கப்படுகிறது. சென்னையின் கொளத்தூர் மாநிலத்தின் முதன்மையான வண்ணமீன் வணிக மையமாக விளங்குகிறது.

சண்டை மீனுக்குச் செவுள்களுடன் லாபிரிந்த் உறுப்பு எனப்படும் துணைச் சுவாச உறுப்பும் உண்டு. தமிழக நீர்நிலைகளில் வாழும் பனையேறிக் கெண்டையும் இவ்வுறுப்பைக் கொண்டதே. இதன் துணையால் மீன் நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேரடியாக உட்கொள்கிறது. உயிர்வளி குறைந்த நீரிலும் பிழைத்திருக்கும் இத்திறனே சிறு கண்ணாடிப் புட்டியிலும் இம்மீனை வளர்க்கலாம் என்ற தவறான கருத்துக்கு இடமளித்தது. காற்றைச் சுவாசிக்க முடிந்தாலும், கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சிலிருந்து மீனை இவ்வுறுப்பு காப்பதில்லை.

போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம். ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர் பெற்றது. இங்கிருந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்திற்குச் செல்லும் சாலை, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை அடைகிறது. உயரம் 1000 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 °செ குறையும். எனவே அடிவாரத்தில் 28 °செ நிலவும் வேளையில் மலைச்சரிவுத் தோட்டக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 21 °செ மட்டுமே இருக்கக்கூடும். மார்கழி, தை மாத இரவுகளில் அது மேலும் தாழும். சண்டை மீனுக்கு 24 முதல் 28 °செ வரையிலான நீர் ஏற்றது. ஆகவே அடிவாரத்தில் சூடேற்றி இல்லாமல் நலமாக வாழும் மீன், மலைமீது எடுத்துச் செல்லப்பட்டால் எளிதில் நோயுறுகிறது.

மலைப்பகுதியில் கருத வேண்டிய மற்றொன்று தோட்ட மருந்துகள் ஆகும். ஏலக்காய்ச் செடியின் அழுகல் நோயைத் தடுக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. தண்டுத் துளைப்பான், இலைப்பேன் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தப் பூச்சிக்கொல்லிகள் பயன்படுகின்றன. மயில்துத்தத்தில் உள்ள செம்பு மீன்களுக்கு நஞ்சாகும். கால்சியம் குறைந்த மென்னீரில் அதன் நச்சுத்தன்மை மிகுகிறது. மலை ஓடை நீர் பொதுவாக மென்னீரே. பைரித்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே மீன்களைக் கொல்ல வல்லவை. எனவே தெளிப்புக் காலத்தில் ஓடைகளிலிருந்து தொட்டிக்கு நீர் எடுப்பதும், தோட்டக் குட்டைகளில் கொசுப்புழுக்களைப் பிடித்து இரையாக இடுவதும் ஆபத்தானவை. மருந்து அடைத்திருந்த வாளிகளையும் கேன்களையும் எவ்வளவு கழுவினாலும் மீனுக்குப் பயன்படுத்தலாகாது. வீடுகளில் பயன்படும் கொசு விரட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பைரித்திராய்டுகளே உள்ளமையால், திறந்த தொட்டி உள்ள அறையில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நீரின் தன்மை

மீனின் கழிவும் உண்ணப்படாத இரையும் அமோனியாவாக மாறுகின்றன. நன்கு நிலைபெற்ற தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரைட்டாகவும், வேறுவகை அதனை நைத்திரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் கடும் நஞ்சுகள். நைத்திரேட்டு ஒப்பளவில் தீங்கு குறைந்தது. புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

அமோனியாவின் நச்சுத்தன்மை நீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. 25 °செ வெப்பநிலையில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு 0.6 பங்கு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆகும்போது அது நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டும். ஆதலால் காரத்தன்மை மிக்க கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பயன்படுத்துவோர் நீரை மாற்றுவதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

நகராட்சிக் குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின் செவுள்களை எரிக்கிறது. அகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். சோடியம் தயோசல்பேட்டு அடங்கிய குளோரின் நீக்கியைச் சில துளிகள் இடுவது விரைவான வழி.

முதன்மை நோய்கள்

வெண்புள்ளி நோய்: இக்தியோப்தைரியசு மல்டிஃபிலிசு என்னும் ஓரணு ஒட்டுண்ணியால் ஏற்படுவது. உடலிலும் துடுப்புகளிலும் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். மீன் கற்களில் உடலைத் தேய்க்கும். முதிர்ந்த ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கித் தொட்டியின் அடியில் உறை கட்டிப் பலநூறாகப் பிரிகிறது. அவ்வாறு வெளிவரும் இளம் உயிரிகள் ஏறத்தாழ 2 நாள்களுக்குள் மீனைப் பற்றாவிடில் இறந்துவிடும். தோலுக்குள்ளும் உறைக்குள்ளும் இருக்கையில் மருந்து அதனை எட்டுவதில்லை. நீந்தும் இளம் பருவத்திலேயே அழிக்க இயலும். இதனால் புள்ளிகள் மறைந்த பின்னரும் மருத்துவத்தை 10 முதல் 14 நாள்கள் தொடர வேண்டும். 25 °செ அளவில் ஒட்டுண்ணியின் சுழற்சி ஒரு வாரத்திற்குள் முடிகிறது. குளிர்ந்த நீரில் அது வாரக்கணக்கில் நீள்கிறது. நீரை நாளொன்றுக்கு 1 அல்லது 2 °செ வீதம் 30 °செ வரை உயர்த்துவதும், லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு இடுவதும் வழக்கமான மருத்துவம் ஆகும். போடிமெட்டு போன்ற உயரமான ஊர்களில் சூடேற்றி இன்றி இம்மருத்துவம் பயன் தராது.

பொன்தூசி நோய்: வெல்வெட் நோய் என்றும் அழைக்கப்படும். பிசினூடினியம் என்னும் ஒட்டுண்ணியால் வருவது. இருளில் கைவிளக்கு ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் மீனின் மேல் பொன்னிறத் தூசி படிந்தது போல் தெரியும். மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு இரையை மறுக்கும். இவ்வொட்டுண்ணி ஒளிச்சேர்க்கை செய்யக்கூடியது. ஆகவே தொட்டியைத் துணியால் மூடி இருளாக்குவது மருத்துவத்திற்குத் துணைசெய்கிறது. செம்பு கலந்த மருந்துகள் இதற்குப் பயன்படுகின்றன. எனினும் மென்னீரில் மருந்தளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் செம்பின் அளவைச் சோதிக்காமல் இடுவது மீனைக் கொன்றுவிடும்.

காலம்னாரிசு நோய்: பிளேவோபாக்டீரியம் காலம்னேர் முதலிய பாக்டீரியாக்களால் ஏற்படுவது. வாயைச் சுற்றியும் முதுகிலும் சாம்பல் கலந்த வெண்படலம் தோன்றும். பஞ்சு போலத் தெரிவதால் இது பூஞ்சை எனத் தவறாகக் கருதப்படுகிறது. கடுமையான வகை ஓரிரு நாள்களில் மீனைக் கொல்லும். இந்நோய் வெப்பம் கூடக் கூட விரைந்து பரவும். எனவே வெண்புள்ளி நோய்க்குச் செய்வது போல் நீரைச் சூடாக்கினால் மீன் விரைவில் இறக்கும். நீரை 24 °செ அளவில் வைத்து, மருத்துவர் அறிவுரைப்படி நுண்ணுயிர்க்கொல்லி அளிக்க வேண்டும். நோயைச் சரியாக அறிந்த பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டும் என்பதற்கு இவ்விரு நோய்களின் வேறுபாடு சிறந்த எடுத்துக்காட்டு.

துடுப்பு அழுகல்: ஏரோமோனாசு, சூடோமோனாசு முதலிய பாக்டீரியாக்கள் காரணம். துடுப்பின் விளிம்பு கறுத்து அல்லது சிவந்து, நாள்தோறும் தேய்ந்துகொண்டே வரும். நெகிழிச் செடிகளில் சிக்கிக் கிழிவதும், மீன் தன் வாலைத் தானே கடித்துக்கொள்வதும் திடீரென நிகழ்பவை. அவற்றின் விளிம்பில் நிறமாற்றம் இராது. தொடக்க நிலையில் நாள்தோறும் சிறிது நீரை மாற்றுவதே போதுமான மருத்துவம். குணமாகும்போது விளிம்பில் நிறமற்ற மெல்லிய புதுச் சவ்வு வளரும். இதனை நோயின் அறிகுறியாகக் கொள்ளக்கூடாது.

நீர்க்கோவை: உடல் வீங்கிச் செதில்கள் விரிந்து, மேலிருந்து பார்க்கும்போது ஊசியிலை மரக்காயைப் போலத் தோன்றும் நிலை. இது தனி நோயன்று. சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் தேங்குவதன் அறிகுறி. இந்நிலையை அடைந்த மீன்களுள் பிழைப்பவை சிலவே.

பஞ்சு நோய்: சாப்ரோலெக்னியா என்னும் பூஞ்சையை ஒத்த உயிரி, காயம்பட்ட இடத்திலும் இறந்த முட்டைகளிலும் வெண்பஞ்சு போல வளரும். மெத்திலீன் நீலம் இதற்குப் பயன்படுகிறது. இது நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் பாதிக்கக்கூடும் என்பதால் தனித் தொட்டியில் இடுவதே முறை.

மிதவைக் கோளாறு: மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கும் அல்லது அடியில் கிடக்கும். மிகையுணவும் மலச்சிக்கலும் பொதுவான காரணங்கள். ஓரிரு நாள்கள் இரையை நிறுத்தி, பின்னர் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்களை அளித்தால் பெரும்பாலும் சரியாகும். சண்டை மீன் ஊனுண்ணி ஆதலால் பச்சைப் பட்டாணி அதற்கு ஏற்ற உணவன்று.

மனிதருக்குத் தொற்றும் நோய்

மைக்கோபாக்டீரியம் மாரினம் என்னும் பாக்டீரியா மீன்களில் காசநோய் போன்ற நோயை உண்டாக்குகிறது. மீன் மெலிந்து, முதுகு வளைந்து, ஆறாத புண்களுடன் நெடுநாள் வாடும். இதற்கு நம்பத்தக்க மருத்துவம் இல்லை. இப்பாக்டீரியா கையிலுள்ள வெட்டுக்காயத்தின் வழியே மனிதரின் தோலில் புகுந்து, மாதக்கணக்கில் நீடிக்கும் கட்டிகளை உண்டாக்கும். மருத்துவரிடம் மீன் வளர்ப்பதைக் குறிப்பிட்டால் மட்டுமே நோயை விரைவில் கண்டறிய இயலும். காயம் உள்ளவர்களும் நோயெதிர்ப்புக் குன்றியவர்களும் கையுறையின்றித் தொட்டியைத் துப்புரவு செய்யலாகாது. தொட்டி நீரை வாயால் உறிஞ்சிக் குழாய் வழியே வெளியேற்றும் வழக்கமும் கைவிடத்தக்கது.

நோய் அல்லாதவை

சில மாற்றங்கள் நோய் எனத் தவறாகக் கருதப்படுகின்றன. மார்பிள் வகை மீன்கள் வாழ்நாள் முழுவதும் நிறம் மாறும். நீர்மட்டத்தில் காணப்படும் நுரை, ஆண் மீன் முட்டைகளுக்காகக் கட்டும் கூடு ஆகும். டிராகன் வகையில் கண்ணின் மேல் செதில் படர்ந்து பார்வை மறைவது மரபுவழிப்பட்டது. அதற்கு மருந்து இல்லை. சண்டை மீனின் வாழ்நாள் பொதுவாக 2 முதல் 4 ஆண்டுகள். முதுமையில் நிறம் மங்குவதும் சோர்வதும் இயல்பே.

தடுப்பு முறைகள்

• ஒரு மீனுக்குக் குறைந்தது 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி அமைத்தல்.
• வாரத்திற்கு ஒருமுறை நீரில் கால் பங்கை, அதே வெப்பநிலையுள்ள நீரால் மாற்றுதல். முழு நீரையும் ஒரே வேளையில் மாற்றலாகாது.
• புதிய மீனை 2 முதல் 4 வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்தல்.
• ஒரே தொட்டியில் இரண்டு ஆண் மீன்களை விடாதிருத்தல்.
• நாளொன்றுக்கு மீனின் கண்ணளவு கொண்ட இரையைச் சில மணிகள் மட்டும் இடுதல்.
• தொட்டியை மூடி வைத்தல். நீருக்கு மேலுள்ள காற்று குளிர்ந்தால் குஞ்சுகளின் லாபிரிந்த் உறுப்பு பாதிக்கப்படும்.
• மின்தடை நேரும் குளிர்காலத்தில் தொட்டியைக் கம்பளியால் சுற்றிவைத்தல்.

நாட்டு வாதுமையின் உலர்ந்த இலையை நீரில் இடுவது தென்கிழக்கு ஆசிய வளர்ப்பாளர்களின் வழக்கம். இலையிலிருந்து ஊறும் தானின் நீரைச் சற்று அமிலமாக்குகிறது. இது தடுப்புக்குத் துணையே அன்றி முற்றிய நோய்க்கு மருந்தாகாது. இலை, மருந்து தெளிக்கப்படாத மரத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

மருந்துப் பயன்பாட்டில் எச்சரிக்கை

மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பொடித்துத் தொட்டியில் இடும் வழக்கம் பரவலாக உள்ளது. அளவு தெரியாமல் இடுவதால் நோய்க்கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறுகின்றன. பல மருந்துகளை ஒன்றாகக் கலப்பதும் தீங்கானது. தமிழ்நாட்டில் 1977 இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும், 2012 இல் நிறுவப்பட்டு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும் மீன் நோயியலைப் பயிற்றுவிக்கின்றன.

சுற்றுச்சூழல்

நோயுற்ற மீனையோ தொட்டி நீரையோ கொட்டகுடி ஆற்றிலோ மலை ஓடைகளிலோ விடலாகாது. கொட்டகுடி ஆறு வைகையின் துணையாறு ஆகும். தொட்டியில் வந்த நோய் ஆற்று மீன்களுக்குப் பரவக்கூடும். சண்டை மீனே அயல் இனமாக நிலைபெறும் வாய்ப்பும் உண்டு. ஆத்திரேலியாவின் வட ஆட்புலத்தில் இவ்வாறு அது பரவியுள்ளது. நோய்கண்ட தொட்டியின் நீரை நிலத்தில் ஊற்றி, தொட்டியையும் வலையையும் வெளுப்புக் கரைசலால் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்துவது முறை. இறந்த மீனை மண்ணில் புதைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

• பனையேறிக் கெண்டை
• நீர்வாழ் உயிரினக் காட்சித் தொட்டி
• போடிநாயக்கனூர்
• ஏலக்காய்