7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று

பெற்ற தாயே பிள்ளையைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டுகளிலெல்லாம் கொடியது. அத்தகைய வழக்கொன்றில் ஓர் எண் சாட்சியாக ஏறி நின்ற வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

இங்கிலாந்தில் செஷயரைச் சேர்ந்த வழக்குரைஞர் ஸாலி கிளார்க். அவருடைய முதல் மகவு 1996 டிசம்பரிலும், இரண்டாம் மகவு 1998 ஜனவரியிலும், மூன்று மாதம் நிறையுமுன்னரே இறந்தன. 1999 நவம்பரில் செஸ்டர் நீதிமன்றத்து ஜூரிகளுள் பதின்மர் தாயே கொலையாளி என்றனர், இருவர் உடன்படவில்லை. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அவ்வழக்கில் சாட்சியம் அளித்தோருள் ஒருவர் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஸர் ராய் மெடோ. புகைப்பழக்கமற்ற, வருவாயுள்ள, தாய் 26 வயதைக் கடந்த குடும்பத்தில், காரணம் புலப்படாத 'தொட்டில் மரணம்' 8,543 மகவுகளுள் ஒன்றுக்கே நேரும். இருமுறை நேர்வது 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றார் அவர். முதல் எண்ணை அதே எண்ணால் பெருக்கிக் கண்ட தொகை இது. நான்காண்டு தொடர்ந்து, வெல்லாதென்று கருதப்படும் குதிரைமீது பணம் கட்டி நான்கு முறையும் வெல்வதற்கு ஒப்பு என்றும் கூறினார். ஒரு தாயின் துயருக்குக் குதிரைப் பந்தயமா உவமை!

ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கே அப்பெருக்கல் பொருந்தும். உடன்பிறந்த மகவுகளுக்குக் குருதியும் ஒன்று, வீடும் ஒன்று; ஒன்றைக் கொண்டுபோன காரணம் மற்றதையும் தொடரலாம். ஒரே ஆசானிடம் கேட்ட இரு மாணவரின் அறிவிப்பை, அவ்வாசானுக்கு அப்பாலும் இரு தனி வழிகளாக ஹதீஸ் கலை அறிஞர் கொள்வதில்லை என்பதை நம் மத்ரஸா மாணவர் அறிவர்.

இதனினும் நுண்ணிய மயக்கம் மற்றொன்று. இரட்டைத் தொட்டில் மரணம் அரிதென்றால், தாய் குற்றமற்றவளாயிருப்பதும் அவ்வளவு அரிதென்று கேட்போர் எண்ணிவிடுகின்றனர். தாய் தன் இரு மகவுகளையும் கொல்வது மட்டும் அன்றாட நிகழ்ச்சியா? அரியவை இரண்டையும் ஒரே தராசில் வைத்தன்றோ நிறுத்தல் வேண்டும்! ஸால்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணித அறிஞர் ரே ஹில் அவ்வாறு நிறுத்து, இரட்டைக் கொலையைவிட இரட்டைத் தொட்டில் மரணமே பன்மடங்கு மிகுதியாக நேரக்கூடியது என 2004இல் எழுதினார்.

2000இல் முதல் மேல்முறையீடு தள்ளப்பட்டது. 2001 அக்டோபரில் அரச புள்ளியியல் கழகம் அக்கணக்கை வெளிப்படையாகக் கண்டித்தது. எனினும் 2003 ஜனவரியில் விடுதலை கிட்டியதற்கு முதற்காரணம் வேறு: இரண்டாம் மகவின் உடலில் நோய்க்கிருமி காணப்பட்ட சோதனை முடிவு, தாயின் தரப்புக்கு அறிவிக்கப்படாதிருந்தமை. அந்த எண் ஒன்றே தீர்ப்பை நீக்கப் போதுமானதாய் இருந்திருக்கக்கூடும் என்று நீதிபதிகள் சொல்லியதும் அப்போதுதான்.

அவ்வம்மையார் 2007 மார்ச்சில், தம் 42ஆம் வயதில் காலமானார்.