இந்தியாவின் நிதிப் பற்றாக்குறையும் பொதுக்கடனும்

ஓராண்டில் அரசின் வரவை மிஞ்சிச் செலவு போகும்போது பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. அதை அடைக்க ஆண்டுதோறும் கடனாக வாங்கியவற்றில் திருப்பித் தராமல் நிற்கும் தொகையே பொதுக்கடன். இந்தியாவில் இக்கடன் பெருகிய கதையில் போர், பஞ்சம், திட்டங்கள் எல்லாம் உண்டு. ஆனால் முக்கியமான திருப்பம் ஓர் அலுவலக ஏற்பாட்டில் நிகழ்ந்தது.

1858இல் ஆட்சி பிரிட்டிஷ் முடியரசுக்கு மாறியபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் கடன் இந்திய வருவாயின் தலையில் ஏற்றப்பட்டது. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய செலவையும் இந்தியர்களே சுமந்தார்கள். அந்தத் துண்டை அடைக்க வைசிராய் சபையின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியைக் கொண்டுவந்தார். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்துப் பதவியை இழந்தார். இரண்டாம் உலகப் போர் கணக்கைத் தலைகீழாக்கியது. பிரிட்டன் இங்கே கடனுக்குச் சரக்கு வாங்கியது. போர் முடிந்தபோது இந்தியாவின் ஸ்டெர்லிங் இருப்பு (பிரிட்டிஷ் நாணயத்தில் பிரிட்டன் தரவேண்டிய தொகை) 1,700 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. அதற்கு ஈடாக இங்கே அச்சான ரூபாய் நோட்டுகள் விலைவாசியை ஏற்றிவிட்டன என்பதால், இதை வெறும் லாபமாக எழுத முடியாது.

கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26இல் வாசித்த சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டில் வருவாய் சுமார் 171 கோடி, செலவு 197 கோடி. ஏழரை மாதக் கணக்கு அது. பிரிவினைக் காலத்தில் அந்தத் துண்டு பெரிதல்ல. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1956-61) பற்றாக்குறையே கொள்கையாயிற்று: 4,800 கோடி ஒதுக்கீட்டில் 1,200 கோடியைப் பற்றாக்குறை நிதியால் சமாளிப்பதாகத் திட்டம். பொருளியலாளர் பி.ஆர். ஷெனாய் மட்டும் 1955இல் அதற்கு மறுப்புக் குறிப்பு எழுதிவைத்தார்.

அதே 1955இல்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த அலுவலக ஏற்பாடு பிறந்தது. வெள்ளிக்கிழமை கணக்கு முடிக்கையில் மத்திய அரசின் கையிருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், ரிசர்வ் வங்கி தானாகவே தற்காலிகக் கருவூல உண்டியல்களை (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை) ஏற்று அதை நிரப்பும். உண்டியலின் தவணை 91 நாள். வரவு வந்ததும் தீர்த்துவிடலாம் என்பது நினைப்பு. நடந்ததோ வேறு. பழைய உண்டியலுக்குப் பதில் புதிய உண்டியல் எழுதப்பட்டது. 1974 முதல் வட்டி 4.6 சதவீதத்தில் உறைந்து நின்றது. எண்பதுகளில் குவிந்த உண்டியல்கள் முதிர்வுத் தேதியே இல்லாத பத்திரங்களாக மாற்றப்பட்டன. நாடாளுமன்றம் வாக்களிக்காமலே பணம் பிறந்துகொண்டிருந்தது. அன்றைய 'பட்ஜெட் பற்றாக்குறை' என்ற அளவீடு ரிசர்வ் வங்கி அரசுக்குத் தந்ததை முழுமையாகக் காட்டவில்லை; சுகமய் சக்கரவர்த்தி குழு 1985இல் இதைச் சுட்டிக்காட்டியது.

1979-80 முதல் நிலைமை மேலும் மோசமாயிற்று. அதுவரை பெரும்பாலும் உபரியாக இருந்த வருவாய்க் கணக்கிலேயே துண்டு விழத் தொடங்கியது. அணை கட்ட அல்ல, சம்பளத்துக்கும் மானியத்துக்கும் வட்டிக்கும் கடன் வாங்கும் நிலை. வங்கிகள் தம் வைப்புகளில் 38.5 சதவீதம் வரை அரசுப் பத்திரங்கள் போன்றவற்றில் முடக்க வேண்டியிருந்தது. 1990-91இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதம். அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தபோது, 1991 மே மாதம் 20 டன் தங்கம் ஸ்விட்சர்லாந்தில் விற்கப்பட்டது. ஜூலையில் மேலும் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் அடகு போனது.

நிதியமைச்சர் மன்மோகன் சிங் காலத்தில், சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்த ரிசர்வ் வங்கியோடு 1994 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மூன்றாண்டில் உண்டியல் முறை ஒழிந்து, 1997 ஏப்ரலில் வரம்புள்ள வழிவகை முன்பணம் (ரிசர்வ் வங்கி அரசுக்குத் தரும் குறுகிய காலக் கடன்) வந்தது. கடனுக்கு நாடாளுமன்றம் வரம்பு விதிக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 292ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிச் சட்டம் வரவேண்டும் என்று அம்பேத்கரும் அரசியல் நிர்ணய சபையில் விரும்பினார். அந்த வழியில் ஒரு சட்டம் வர 2003 ஆயிற்று. நிதிப் பொறுப்பு மற்றும் பட்ஜெட் மேலாண்மைச் சட்டம் உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதப் பற்றாக்குறையை இலக்காக்கியது. தமிழ்நாடும் அதே ஆண்டில் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2007-08இல் மத்திய அரசு அந்த இலக்குக்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டே உலக நிதி நெருக்கடியில் பற்றாக்குறை 6 சதவீதத்துக்கு ஏறியது; கொரோனா ஆண்டான 2020-21இல் 9 சதவீதத்தைக் கடந்தது.

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. 2031 மார்ச்சுக்குள் மத்திய அரசின் கடனை உள்நாட்டு உற்பத்தியில் 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவருவது இப்போதைய இலக்கு.