டங்கம் தங்கமான கதை

சென்னையில் தங்கசாலை என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் இரண்டு பிழைகள் ஒன்றாக நுழைகின்றன. தங்கம் என்பது பொன் என்று ஒன்று. சாலை என்பது தெரு என்று இன்னொன்று. பக்கத்திலேயே சௌகார்பேட்டை நகைப்பட்டறைகள் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பாடசாலை, பாகசாலை போல இங்கே சாலை என்பது கூடம். முன்பாதியோ தங்கமே அல்ல, டங்கம். தமிழ் வாய்க்குச் சொல்லின் தொடக்கத்தில் டகரம் ஒட்டாது; தகரமாக்கியது, பொன்னும் தானாக வந்து சேர்ந்தது.

மூல ஒலியைக் கேட்கக் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும். நாணயம் அடிக்கும் ஆலையை வங்காளிகள் இன்றும் டாங்க்சால் என்கிறார்கள். வடமொழியில் டங்கம் கல்தச்சரின் உளி. முத்திரை குத்திய காசும் டங்கமே. டில்லி சுல்தான்களின் வெள்ளிக்காசு டங்கா. வங்காளத்தில் அது டாகா ஆகி, ரூபாயையே அந்தப் பெயரால் எண்ணுகிறார்கள். நமக்கும் அக்கசாலை என்ற பழஞ்சொல் இருந்தது. கொற்கை அருகே அக்காசாலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. கம்மட்டம் என்ற இன்னொரு சொல்லை மலையாளிகள் காப்பாற்றிக்கொண்டார்கள். நாம் இரண்டையும் விட்டோம்.

கொல்கத்தா ஸ்ட்ராண்ட் சாலையில், கிரேக்கக் கோயில் முகப்போடு, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் டங்கசாலை 1829இல் திறந்தது. காசு அடிப்பதற்கு முன் வந்த உலோகம் எத்தனை மாற்று என்று தெரிய வேண்டும். பொன்னில் ஒரு துணுக்கை வெட்டி எடை போடுவார்கள். அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத்தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலைக்குள் தள்ளுவார்கள். ஈயம் செம்பு முதலிய கலப்புகளை இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கிவிடும். கிண்ணத்தில் ஒரு மணி மிஞ்சும். அதைத் தட்டி, மெல்லிய தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துபோகும். மிஞ்சும் சுருள் பார்க்கப் பரிதாபமாக, மண் நிறத்தில் இருக்கும். மறுபடி சூடு காட்டினால்தான் மஞ்சள் திரும்பும். முதல் எடைக்கும் கடைசி எடைக்கும் உள்ள விகிதமே மாற்று. பாளம் 995 என்றோ 999 என்றோ முத்திரை வாங்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

1830களில் அங்கே இந்த மாற்றுப் பார்க்கும் துறையின் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகனின் பிராமி எழுத்தை 1837இல் படித்துக் காட்டியவரும் அவர்தான். தேய்ந்த காசுகளையும் அவற்றின் எழுத்துகளையும் விடாமல் உற்றுப் பார்த்த பழக்கம் அவருக்கு இதில் கைகொடுத்தது. பொன்னும் காசும் நோட்டம் பார்ப்பவருக்குத் தமிழில் வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் ஒருவர் இருக்கிறார். காசு பார்க்கும் கண்ணுக்கும் எழுத்து பார்க்கும் கண்ணுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னை டங்கசாலை 1869இல் மூடப்பட்டது. பின்னர் அந்த இடத்துக்கு அரசு அச்சகம் வந்தது. அச்சு என்பது காசு குத்தும் முத்திரைக்கும் பெயர் என்பதால், அச்சுக்கு அச்சே வாரிசு! கொல்கத்தாவில் வேலை நிற்கவில்லை. 1952 மார்ச் 19இல் அலிப்பூரில் புதிய ஆலை திறந்தது.

சட்டைப்பையில் இருக்கும் நாணயத்தை எடுத்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் அது கொல்கத்தா டாங்க்சாலில் அடித்தது.