தாத்தா கேப்டனா?

திரேஸ்புரம் மாதிரியான கடற்கரை ஊர்களில் சில வீடுகளில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு மிலிட்டரிக்காரர் படமும் தொங்கும். யாருன்னு கேட்டால், "எங்க தாத்தா. வெள்ளக்காரன் பட்டாளத்துல கேப்டனா இருந்தாவ" என்பார்கள். எந்தப் படை, எந்த வருஷம்? அது யாருக்கும் தெரியாது. படத்துக்குத் தெரியும்.

முதலில் சட்டைக் கையைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சாதாரண சிப்பாய்க்குப் பட்டை கிடையாது. மேல்கையில் 'வி' வடிவப் பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். அதற்கு மேலே போனால் பட்டை போய், தோளில் நட்சத்திரம் வரும். ஜமேதாருக்கு ஒன்று, சுபேதாருக்கு இரண்டு. கேப்டனுக்கு மூன்று. லெப்டினன்டுக்கும் இரண்டு நட்சத்திரம்தான். அதனால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணி முடிவு கட்ட முடியாது.

கடற்கரைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். தலையில் வட்டத் தொப்பி, அதன் ரிப்பனில் 'எச்.எம்.ஐ.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவர் ராயல் இந்தியன் நேவி. 1934க்கு முன்னால் அந்தப் பெயரே கிடையாது. நேவியில் இடது கையில் இருக்கும் 'வி' பட்டை பதவியைச் சொல்லாது, நன்னடத்தையோடு கழித்த சேவைக்காலத்தைச் சொல்லும். பதவியைச் சொல்வது நங்கூரம். ஒற்றை நங்கூரம் லீடிங் சீமேன், குறுக்காக இரண்டு இருந்தால் பெட்டி ஆபீசர்.

எந்தப் படை என்பதற்குத் தோள்பட்டையின் ஓரம் பாருங்கள். பித்தளை எழுத்தோ, துணியில் தைத்த எழுத்தோ இருக்கும். லென்ஸ் வைத்துப் படிக்கலாம். எழுத்து இடவலமாகத் திரும்பியிருந்தால் பிரிண்டே இடவலம் மாறி விழுந்திருக்கிறது. கையையும் மாற்றித்தான் படிக்கணும். எழுத்து மங்கிவிட்டால் வரலாறு கை கொடுக்கும். 'போர்க்குணமுள்ள சாதிகள்' என்ற கொள்கையால் தமிழர்களைக் காலாட்படையிலிருந்து வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார்கள். 1920களில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாதபோதுதான் திரும்ப உருவாக்கினார்கள். ஆகவே 1930களின் படத்தில் நிற்கும் தமிழ்ச் சிப்பாய், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. 'தம்பி' என்பது அவர்களுக்குச் செல்லப்பெயர். 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைதான். அவரும் கேப்டன் இல்லை.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகுது? தாத்தா திரும்பி வராதவர் என்றால், ஆகும். இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. பர்மாவில் தாவ்க்யான் கல்லறையில் இருக்கும் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் மட்டும், உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்கள். அங்கே போய் வெறும் 'பெர்னாண்டோ' என்றோ 'முத்து' என்றோ தேடினால் யார் யாரோ வருவார்கள். 1530களில் ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து நம் கரையில் ஊருக்கு ஊர் அதே பெர்னாண்டோ, அதே ரோச். நம்மாளைப் பிரித்தெடுக்கப் படையின் பெயர் வேணும். மாவட்டத்தையும் 'தூத்துக்குடி' என்று தேடக்கூடாது. 1986 வரை இது திருநெல்வேலி மாவட்டம். ஆங்கிலப் பதிவில் 'டின்னவேலி'.

பல பதிவுகளில் இன்னொரு வரியும் இருக்கும்: இன்னாருடைய மகன், இன்ன ஊர். அந்த அப்பாவின் பெயர் எந்தச் சட்டையிலும் தைக்கப்பட்டிருக்காது. வீட்டில் இருக்கும் ஆச்சிக்குத்தான் தெரியும். படத்தை அப்புறம் ஸ்கேன் பண்ணிக்கலாம். முதல்ல ஆச்சிகிட்ட கேளுங்க.