‘ரிப்பீட்’ எழுதினால் எவ்வளவு குறையும்? பல்கலைக்கழகத் தரப்புள்ளிக் கணக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை சறுக்கிய பிள்ளை இரண்டாம் தடவை எழுதி மூன்று ஏ எடுத்தால், அந்த மூன்றும் முழுப் பெறுமதியோடு கணக்கில் வரும். இசட் புள்ளியில் முதல் தடவைப் பெறுபேறு குறுக்கே நிற்காது. மூன்று தடவைகள் வரை தோற்றலாம் என்பதும் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். இதே எண்ணத்தோடு பல்கலைக்கழகத்துக்குள் போகிறவர்கள்தான் முதலாம் ஆண்டிலேயே அடிபடுகிறார்கள். அங்கே இரண்டாம் தடவைக்கு உச்ச வரம்பு ஒன்று உண்டு. மீள்பரீட்சையில் 90 புள்ளி எடுத்தாலும் பொதுவாகப் பதியப்படுவது சி தரம் மட்டுமே.

இந்த விதிகளை ஒவ்வொரு பீடமும் தனித்தனியே வகுத்து, மூதவையின் அங்கீகாரத்தோடு நடைமுறைப்படுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்துக்கு உள்ளது கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்துக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கும் இதுவே பொருந்தும். இங்கே சொல்லப்படுவது அரச பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள நடைமுறை. இறுதிச் சொல் உங்கள் பீடத்தின் மாணவர் கைநூலில் இருக்கிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் வீட்டில் யாரும் அதைத் திறப்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு பாடஅலகுக்கும் கிரெடிட் எண்ணிக்கை ஒன்று உண்டு. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட். மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 90, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. தரங்களுக்குரிய புள்ளிகள் இவை: ஏ பிளஸ், ஏ இரண்டுக்கும் 4.00, ஏ மைனஸ் 3.70, பி பிளஸ் 3.30, பி 3.00, பி மைனஸ் 2.70, சி பிளஸ் 2.30, சி 2.00, சி மைனஸ் 1.70, டி பிளஸ் 1.30, டி 1.00, ஈ பூச்சியம். தரப்புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதே ஜிபிஏ எனப்படும் தரப்புள்ளிச் சராசரி. பட்டம் பெற 2.00 தேவை. வகுப்புச் சித்திக்குப் பொதுவான எல்லைகள் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு 3.00, மேற்பிரிவுக்கு 3.30, முதலாம் வகுப்புக்கு 3.70.

முதலாம் ஆண்டில் ஒரு மாணவி 27 கிரெடிட்டுக்கு பி எடுக்கிறாள், மூன்று கிரெடிட் பாடமொன்றில் ஈ என்று வைத்துக்கொள்வோம். 27 ஐ 3 ஆல் பெருக்கினால் 81. அதை 30 ஆல் வகுத்தால் 2.70. ஒரேயொரு பாடம் அந்த ஆண்டின் சராசரியை 3.00 இலிருந்து இவ்வளவு கீழே இழுத்துவிட்டது. பெறுபேறு வெளிவந்த அன்று பிள்ளை கண்ணால் காண்பது இந்த எண்ணைத்தான். மீள்பரீட்சையில் சித்தியடைந்ததும் ஈ நீக்கப்பட்டு, சி சேர்க்கப்படுகிறது. 81 உடன் 6 கூட 87. இப்போது சராசரி 2.90. முதல் தடவையே சி எடுத்த மாணவனுக்கும் இதே எண்தான் கிடைத்திருக்கும்.

அதையே நான்கு ஆண்டுக்கும் விரித்துப் பாருங்கள். மற்ற 117 கிரெடிட்டிலும் சராசரி 3.30 வைத்திருக்கும் ஒருவருக்கு, அந்த ஒரு சி யால் ஏற்படும் இழப்பு 3.9 புள்ளி. 120 ஆல் வகுத்தால் 0.03 சொச்சம். பிறகு வேறு நான்கு பாடங்களில் பி பிளஸுக்குப் பதில் ஏ மைனஸ் எடுத்தால் 4.8 புள்ளி கிடைக்கும். இழப்பு அடைபட்டுவிடும். எங்கள் பிள்ளைகள் சிலர் முதலாம் ஆண்டில் இரண்டு பாடம் போனதும், “இனி என்ன படிப்பு” என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இடம்பெயர்வுக்கு நடுவே படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை அப்படி வந்தால், திருப்பி அனுப்பச் சொல்லும் கணக்கை அறிந்தவர் அந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார். எண்ணளவில் அது மீளமுடியாத விழுக்காடே அல்ல.

சி மைனஸ் அல்லது டி எடுத்த பாடத்தைத் தரத்தை உயர்த்துவதற்காக மீண்டும் எழுதப் பல பீடங்கள் அனுமதிக்கின்றன. இதிலும் உச்சம் சி தான். மூன்று கிரெடிட் பாடத்தில் சி மைனஸை சி ஆக்கினால் கிடைப்பது 0.9 புள்ளி. 120 கிரெடிட்டில் அது 0.01 ஐயும் எட்டாது. டி தரங்கள் எத்தனைவரை இருக்கலாம் என்ற கட்டுப்பாடு உங்கள் பட்டத்துக்கு இருந்தால் எழுதத்தான் வேண்டும். வெறும் சராசரிக்காக என்றால், அந்த உழைப்பைப் புதிய பாடத்தில் போடுவது நல்லது என்பது என் எண்ணம்.

சராசரியை விடப் பெரிய அடி வேறிடத்தில் விழுகிறது. வகுப்புச் சித்தி பெறப் பெரும்பாலான பீடங்கள் இன்னொரு நிபந்தனையும் வைக்கின்றன: பட்டத்தை உரிய கல்வியாண்டுகளுக்குள் முடித்திருக்க வேண்டும். மீள்பரீட்சை பொதுவாக அடுத்த அணியினரின் பரீட்சையோடு நடக்கும். முதலாம் ஆண்டுப் பாடத்தை இரண்டாம் ஆண்டில் எழுதி முடித்தால் காலம் தப்பாது. இறுதியாண்டுப் பாடம் போனால் இளைய அணியின் பரீட்சைவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வகுப்பும் போகும், பட்டம் நடைமுறைக்கு வரும் திகதியும் தள்ளிப்போகும். அரச பதவிகளுக்கான வர்த்தமானி அறிவித்தல்கள் அந்தத் திகதியைத்தான் பார்க்கின்றன. ஆகவே ரிப்பீட் இருந்தால் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே எழுதிவிட வேண்டும். “பிறகு சேர்த்து எழுதலாம்” என்று மூன்றாம் ஆண்டுவரை கொண்டுபோவது ஆபத்து.

அடுத்தது பரீட்சைக்கே போகாமல் விடுவது. தக்க காரணமின்றிச் சமுகமளிக்காவிட்டால், அது பொதுவாக ஒரு தடவை தோற்றியதாகவே கொள்ளப்படும். அடுத்த முறை எழுதும்போது சி வரம்பு பொருந்தும். சுகயீனத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்டால், அடுத்த தடவை முதல் தடவையாகவே கணிக்கப்படும். ஏ கூட எடுக்கலாம். மாணவர் பேச்சில் இதற்குப் பெயர் ‘மெடிக்கல் போடுவது’. மேலே பார்த்த மாணவி காய்ச்சலோடு போய் ஈ எடுக்காமல் மெடிக்கல் போட்டு, அடுத்த முறை ஏ எடுத்திருந்தால் 81 உடன் 12 கூடி 93 ஆகியிருக்கும். சராசரி 3.10. ஒரு கடிதத்தால் வரும் வித்தியாசம் 0.20.

அந்தக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. அது நாட்கணக்கில்தான் இருக்கும், கைநூலில் அச்சிட்டிருப்பார்கள். தனியார் வைத்தியரின் சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்பது வழக்கம். அரச வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பரீட்சை எழுதிவிட்டு, சரிவரவில்லை என்று பிறகு மெடிக்கல் போட முடியாது. நெருங்கிய உறவினரின் மரணத்தைக் காரணமாக ஏற்கும் பீடங்களும் உண்டு. மரணச் சான்றிதழோடு உதவிப் பதிவாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

எங்கள் பகுதிகளில் சொல்லாமல் மறைக்கப்படும் காரணம் ஒன்றிருக்கிறது. நித்திரையின்மை, பதற்றம், பழைய நினைவுகள் வந்து அமுக்குவது. இவற்றுக்காக மனநல மருத்துவரிடம் போனதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, காரணமில்லாமல் பரீட்சையைத் தவறவிட்டவராகப் பதிவாகிறார்கள். அரச வைத்தியசாலையின் மனநல மருத்துவர் தரும் அறிக்கையும் மருத்துவ அறிக்கைதான். நோயின் விவரத்தை விரிவுரையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படிச் சமர்ப்பிப்பது என்பதைப் பீடத்தின் மாணவ ஆலோசகரிடம் கேட்கலாம்.

ஆங்கிலப் பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பீடங்களில் அது சராசரியில் சேராது. சேராதுதானே என்று விட்டால் பட்டம் நின்றுவிடும். சித்தி கட்டாயம். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கே அமர விடாத விதியும் பரவலாக உண்டு. வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

புலம்பெயர்ந்த உறவுகள் தங்கள் ஊர் விதியைச் சொல்லி ஆலோசனை தருவதால் சில நேரம் குழப்பம் கூடுகிறது. வட அமெரிக்காவில் சில கல்லூரிகள் புதிய தரத்தை வரம்பின்றி முழுமையாக ஏற்கின்றன, சில பழையதையும் புதியதையும் சேர்த்தே சராசரி பார்க்கின்றன. இலங்கைப் பட்டத்தோடு அங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, அவர்கள் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். வேர்ல்ட் எஜுகேஷன் சேர்விசஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் அளவுகோலில் மறுபடி கணக்கிடவும் செய்யும். பெறுபேற்றுப் பத்திரத்தில் ரிப்பீட் பாடங்கள் எப்படிக் குறிக்கப்படும் என்பதைப் பரீட்சைக் கிளையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.