ரியாத்தில் வென்ற கறுப்புக் காய்கள்

1883ஆம் ஆண்டு லண்டன் போட்டியில் சதுரங்கப் பலகையருகே இரட்டைக் கடிகாரம் வந்து அமர்ந்தது. அந்தக் கடிகாரத்தைத் தன் வசப்படுத்திய ஒரு தமிழரின் கதை இது.

2013இல் சென்னையில், சொந்த மண்ணிலேயே, விஸ்வநாதன் ஆனந்த் உலகப் பட்டத்தை நோர்வேயின் மேக்னஸ் கார்ல்சனிடம் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு ரஷ்யாவின் சோச்சியிலும் தோல்விதான். 2017 டிசம்பரில் லண்டன் போட்டியிலோ புள்ளிப்பட்டியலின் அடியில் நின்றார். வயது 48.

அதே மாதக் கடைசியில் சவூதியின் ரியாத் நகரில் உலக விரைவுச் சதுரங்கப் போட்டி. ஆளுக்கு 15 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடும். மூன்று நாட்களில் 15 சுற்றுகள். ஒன்பதாம் சுற்றில் எதிரே வந்து அமர்ந்தவர் கார்ல்சன். வெள்ளைக் காய்களும் முதல் நகர்த்தலும் அவருக்கு. கறுப்போடு ஆடிய ஆனந்த் வென்றார்.

அந்த வெற்றியோடு அவர் நின்றுவிடவில்லை. 15 சுற்றுகளில் 6 வெற்றி, 9 சமநிலை. ஒரு தோல்வியும் இல்லை. 10.5 புள்ளியோடு முதலிடத்தைப் பகிர்ந்தவர், 22 வயது ரஷ்யர் விளாதிமிர் ஃபெதோசீவை சமன்முறிப்பு ஆட்டங்களில் 2-0 என வீழ்த்திப் பட்டம் கொண்டார். 2003க்குப் பின் 14 ஆண்டுகள் கழித்து அதே பட்டம்!

வேகம் இளமையின் சொத்து என்பார்கள். ஆனந்தின் வேகமோ உழைத்துச் சேர்த்தது. சிறுவனாகச் சென்னை தால் சதுரங்கக் கழகத்தில் அவர் ஆடிய மின்னல் ஆட்டங்கள் எத்தனையோ! பல்லாண்டுகள் கண்டு பழகிய நிலைகள், நேரம் குறையும்போது யோசிக்காமலே கைக்கு வருகின்றன. பயிற்சியின் பலன் அது.

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கும் இந்த விரைவு ஆட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு வாரம் நீளும் போட்டிக்குப் பிள்ளையைக் கொழும்பில் தங்கவைக்க, நாட்சம்பளத்தில் வாழும் தோட்டக் குடும்பத்தால் முடியாது. விரைவுச் சதுரங்கத்துக்கு ஒரே நாள் போதும். ரியாத்தில் ஒரு நாளில் நடந்ததைப் போல ஐந்து சுற்று வைத்தாலும், பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இருந்து காலை பஸ்ஸில் பதுளைக்கு வரும் பிள்ளைகள் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, உங்கள் தோட்டப் பாடசாலைக்குச் சில பலகைகளும் கடிகாரங்களும் வாங்கிக் கொடுங்கள். ஒரு சனிக்கிழமையில் முதல் போட்டியை நடத்துங்கள்.