மீன்பாசிக் குத்தகை

மீன்பாசிக் குத்தகை என்பது ஏரி, குளம், கண்மாய் முதலிய பொது நீர்நிலைகளில் குறிப்பிட்ட காலத்திற்கு மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, பணம் பெற்றுக்கொண்டு ஒரு தனிநபருக்கோ சங்கத்திற்கோ வழங்கும் முறையாகும். இவ்வுரிமை பெரும்பாலும் ஏலத்தின் வழியாக வழங்கப்படுவதால் இது மீன்பாசி ஏலம் எனவும் அழைக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளின் வரியல்லாத வருவாய் இனங்களுள் இதுவும் ஒன்று.

பெயரும் வரலாறும்

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்னும் சொல் காணப்படுகின்றது. இது நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட தொகையைக் குறிக்கும். பாட்டம் என்பது குத்தகை அல்லது வரி எனப் பொருள்படும். இன்றைய அலுவலக வழக்கான மீன்பாசி என்பதில் அப்பழஞ்சொல்லின் முற்பகுதி எஞ்சியுள்ளது.

சோழர் காலத்தில் ஊர்ச்சபைகள் ஏரிகளைப் பேண ஏரி வாரியம் என்னும் தனிக்குழுவை அமைத்திருந்தன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இவ்வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகின்றன.

நீர்நிலைகளும் உரிமையும்

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட பாசன ஏரிகள் உள்ளன. பொதுவாக 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும் (2021-க்கு முன் பொதுப்பணித் துறை), அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. பெரிய ஏரிகளின் மீன்பிடி உரிமை அரசுத் துறைகள் வழியாக வழங்கப்படுகின்றது. ஊராட்சிப் பகுதியிலுள்ள சிறு ஏரி, குளங்களின் குத்தகையே ஊராட்சிக்கு வருவாயாகின்றது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள உளுந்தூர்பேட்டை வட்டம் (2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டம்) ஏரிகளையும் கிணறுகளையும் நம்பிய பகுதியாகும். இம்மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, மணிமுத்தாறு ஆகியவற்றின் குறுக்கே அணைகள் உள்ளன. சமவெளி ஏரிகளோ பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கியிருப்பவை. ஏரி நிரம்பாத ஆண்டில் மீன் வருவாயும் இல்லை.

ஏலம் நடைபெறும் முறை

குத்தகைக் காலம் பசலி ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகின்றது. பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று முடியும். எடுத்துக்காட்டாக, பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான காலமாகும்.

ஏல அறிவிப்பு வெளியானபின், பங்கேற்க விரும்புவோர் டேவணித்தொகை எனப்படும் முன்பணத்தைச் செலுத்துவர். இது போட்டிகளுக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தை ஒத்ததாகத் தோன்றினும், தன்மையில் வேறானது. ஏலம் கிடைக்காதோர்க்கு இது திருப்பித் தரப்படும். ஏலம் எடுத்தவர்க்குக் குத்தகைத் தொகையில் சேர்த்துக்கொள்ளப்படும். ஏலம் எடுத்தபின் பணம் கட்டத் தவறியவர் இதனை இழக்க நேரிடும்.

குத்தகைத் தொகையைத் தவிர, மீன்குஞ்சு வாங்குதல், இரவுக் காவல், வலை, பிடிப்பவர்க்குக் கூலி அல்லது பங்கு, பனிக்கட்டி, வண்டி வாடகை ஆகியன குத்தகைதாரரின் செலவுகளாகும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வளர்ப்பு மீன்களே பெரிதும் விடப்படுகின்றன. விரால், கெளுத்தி, குரவை முதலியன இயல்பாகவே ஏரியில் பெருகுபவை.

தொகை செலவாகும் வழிகள்

குத்தகைத் தொகை மூன்று விதமாகப் பயன்படுவதைக் காணலாம்.

1. ஊராட்சியின் பொது நிதி: வீட்டு வரி முதலியவற்றுடன் சேர்ந்து குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு போன்ற பணிகளுக்குச் செலவாகின்றது. பொது நிதியில் கலந்துவிட்ட பின், ஏரியில் கிடைத்த பணத்தில் எவ்வளவு ஏரிக்கே திரும்பியது எனப் பிரித்தறிவது கடினம்.

2. ஊர்ப் பொதுப்பணம்: சில ஊர்களில் ஊர்ப் பெரியவர்களே ஏலம் நடத்தி, அப்பணத்தைக் கோயில் திருவிழாவிற்கும் திருப்பணிக்கும் செலவிடுவதுண்டு. தென்தமிழக ஏரிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் தமது 2003 ஆம் ஆண்டு நூலில் இவ்வழக்கத்தை விவரித்துள்ளார்.

3. ஏரிப் பராமரிப்பு: பாசன விவசாயிகள் சங்கம் செயற்படும் இடங்களில் கரை, மதகு, வரத்துக்கால் ஆகியவற்றைச் சீர்செய்ய இத்தொகை உதவுகின்றது.

கற்பனைக் கணக்கு ஒன்றால் இவற்றின் வேறுபாட்டை விளக்கலாம். 300 வீடுகள் உள்ள ஊரில் ஏரி 60,000 ரூபாய்க்குக் குத்தகை போவதாகக் கொண்டால், வீட்டுக்கு 200 ரூபாயே பங்காகும். பிரித்துக் கொடுத்தால் அது ஒரு நாளைச் செலவுக்கும் போதாது. ஒன்றாக வைத்து மதகுப் பலகையை மாற்றினாலோ, அதன் பயன் அடுத்த போகத்தின் விளைச்சலில் தெரியும்.

மீன்பிடித் திருவிழா

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் பல ஊர்கள் குத்தகைக்கு மாற்றாக மீன்பிடித் திருவிழா நடத்துகின்றன. அறுவடை முடிந்து நீர் வற்றும் காலத்தில், வழிபாட்டிற்குப் பின் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அனைவரும் ஊத்தா, கச்சா, வலை ஆகியவற்றுடன் நீரில் இறங்குவர். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உறவினர்க்கும் பகிர்வது மரபு. சில இடங்களில் ஊத்தாவுடன் இறங்குவோரிடம் கட்டணம் பெற்று ஊர்ப் பொதுப்பணத்தில் சேர்க்கின்றனர். கட்டணமில்லா விழாவில் ஊருக்குப் பணம் கிடைப்பதில்லை. ஆனால் பணமில்லாதவர் வீட்டிற்கும் மீன் சென்று சேர்கின்றது.

தூண்டில் போட்டிகளுடன் ஒப்பீடு

மேலை நாட்டுத் தூண்டில் போட்டிகளில் பணத்தின் ஓட்டம் வேறானது. 1967 இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் ரே ஸ்காட் நடத்திய போட்டியில் 106 பேர் தலா 100 டாலர் செலுத்திக் கலந்துகொண்டனர். அத்தகைய போட்டிகளில் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி பரிசாக வென்றவர்க்கே திரும்புகின்றது. எஞ்சியது நடத்தும் செலவிற்கும் அமைப்பாளர்க்கும் செல்கின்றது. மீன்பாசிக் குத்தகையில் பணம் செலுத்தியவர்க்கு மீனும், நீர்நிலைக்கு உரிய பொதுமக்களுக்குப் பணமும் சேர வேண்டும் என்பதே அடிப்படை.

சிக்கல்கள்

குத்தகைதாரர்க்கு நீர் குறைந்தால் மீன் பிடிப்பது எளிது. விவசாயிக்கோ கடைசி நனைப்பு வரை நீர் வேண்டும். மீனுக்காக மதகைத் திறந்து நீரை வெளியேற்றுவதால் பூசல்கள் எழுவதுண்டு. உள்ளூரில் செல்வாக்குடையோர் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஏலத்தொகையைத் தாழ்த்துவதும், தலித் மக்கள் ஏலத்தில் பங்குகொள்ள இயலாமல் தடுக்கப்படுவதும் பிற சிக்கல்களாகும். இவ்வாறு நேரும்போது பொதுச்சொத்தின் வருவாய் சிலருக்கு மட்டுமே உரியதாகிவிடுகின்றது.

கணக்கை அறிதல்

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு கிராம சபையில் வைக்கப்படுகின்றது. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்களில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) கூட்டப்படுகின்றது. ஏரி எவ்வளவிற்குக் குத்தகை போனது, முழுத்தொகையும் வரவு வைக்கப்பட்டதா, ஏரிக்கு எவ்வளவு செலவானது ஆகிய மூன்று கேள்விகளை ஊரார் எவரும் அங்கு எழுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்கீழ் எழுத்து மூலமாகவும் இவ்விவரங்களைக் கேட்டுப் பெறலாம்.

இவற்றையும் பார்க்க

- ஏரிப் பாசனம்
- குடிமராமத்து
- கிராம சபை
- மீன்பிடித் திருவிழா
- உளுந்தூர்பேட்டை